பட்டாபிராம் பையனுக்குக் கோபம் வருமா

உடுமலைப்பேட்டையில் பம்ப் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக, ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று பேசியவனுக்குக் குரல் எப்படி இருக்கும்? சத்தமாகத்தான் இருக்கும். என் மனைவி கமலா அதைக் கோபம் என்கிறாள். நான் குரல் என்கிறேன். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. நான் சென்னையில் எங்கெங்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று சொல்லும்போது நீங்களாவது என் பக்கம் நிற்க வேண்டும்.

போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மகள் நித்யாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் அரவிந்த், ஐ.டி.யில் வேலை. பூர்வீகம் தாராபுரம் பக்கம்தான் என்றாலும் அப்பாவுக்கு ஆவடியில் வேலை என்பதால் பையன் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அந்தப் பக்கம். இப்போது பட்டாபிராமில் புது ஃப்ளாட். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. எல்லோரும் செய்வார்கள், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பையன் இருக்கிற தெருவுக்குப் போய், நாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் நாலு பேரிடம் விசாரிப்பது. டீக்கடையில் ஒரு டீ, மளிகைக் கடையில் ஒரு சோப்பு, அந்தச் சாக்கில் ரெண்டு கேள்வி.

இதற்குப் பொதுவாகச் சித்தப்பாவோ மாமாவோதான் போவார்கள். எனக்கு அடுத்தவர் விசாரணையில் நம்பிக்கை கிடையாது. என் தங்கைக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போன பெரிய மாமா, அந்த ஊர் மெஸ்ஸில் மீன் குழம்பு நன்றாக இருந்தது என்கிற ஒரே தகவலோடு திரும்பி வந்தவர். அதனால் நானே கிளம்பினேன்.

பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நித்யா வந்து நின்றாள். "அப்பா, சம்பளம், சொந்த வீடு அதெல்லாம் நீங்களே கேட்டுக்குவீங்க. எனக்கு ஒன்னே ஒன்னு தெரிஞ்சாப் போதும். அவருக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவாருன்னு விசாரிச்சுட்டு வாங்க."

"கோபக்காரனா இருந்தா?"

"எனக்கு வேண்டாங்கப்பா."

கமலா துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. பெண் விவரமாகத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கோபக்காரன் வீட்டில் எவள் குப்பை கொட்டுவாள்?

தங்கியது கொரட்டூரில், கமலாவின் தம்பி பிரபு வீட்டில். அவனும் ஐ.டி.தான், வீட்டிலேயே ஆபீஸ். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ வெள்ளைக்காரரிடம் சாமி கும்பிடுகிற குரலில் பேசிக்கொண்டிருப்பான். நான் ஹாலில் இருந்து காபி கேட்டால் கதவு கொஞ்சமாகத் திறக்கும், ஒரு கை மட்டும் வெளியே வந்து சத்தத்தைக் குறை என்று காட்டும். முதல் நாள் காலையில் மூன்று முறை அந்தக் கையைப் பார்த்தேன்.

காலைச் சாப்பாட்டுக்கு இட்லியும் வடகறியும் வாங்கி வந்திருந்தான். எங்கள் பக்கம் வடை என்றால் வடை, குழம்பு என்றால் குழம்பு. முந்தாநாள் மிஞ்சிய வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டுவிட்டார்கள் என்று முதலில் முறைத்தேன். ஆறு இட்லி சாப்பிட்ட பிறகு, கமலாவுக்கு போன் போட்டு இது எப்படிச் செய்வதென்று யாரிடமாவது கேட்டுவை என்றேன். எங்கள் ஊரில் இட்லியை மெதுவாக, மரியாதையாகச் சாப்பிடுவோம். வடகறியோடு மரியாதை பார்க்க முடியாது.

சாயங்காலம் பிரபுவுக்கு வேலை முடிந்ததும் ஏரிப் பக்கம் நடந்தோம். அவ்வளவு பெரிய தண்ணீர். எங்கள் ஊராக இருந்தால் சுற்றிலும் தென்னை வைத்திருப்பார்கள். இங்கே ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து, தண்ணீரைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தில் எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்துக்கொண்டு போகிறார்கள். பிறகு அம்பத்தூரில் நல்ல பரோட்டா கிடைக்கும் என்று ரயிலில் கூட்டிப் போனான். பட்டரவாக்கத்தில் கம்பெனி விட்டு ஒரு கூட்டம் ஏறியது. நான் கமலாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற இரண்டு வடநாட்டுப் பையன்கள் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ பேசிக்கொள்ள, பிரபு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். இறங்கியதும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமா. ஒருத்தன், 'பாவம், போன்ல இருக்குறது யாரு, இந்தத் திட்டு வாங்குறாங்க'ன்னான். இன்னொருத்தன், 'திட்டு இல்லடா, சாப்பிட்டியான்னு கேக்குறாரு, எனக்குக் கொஞ்சம் தமிழ் புரியும்'னான்."

அந்த இரண்டாவது பையன் நல்லா இருக்கட்டும்.

இரண்டாம் நாள் சென்னீர்குப்பம். பட்டாபிராமுக்கு வருவதற்கு முன்னால் பையன் வீட்டார் அங்கே வாடகைக்கு இருந்தார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். விசாரணை என்றால் பழைய வீட்டுக்காரரில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். உள்ளே ஏழு பேர் இருந்தோம். ஓட்டுநர் வெளியே நின்று, "பூந்தமல்லி, பூந்தமல்லி" என்று கூவிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் பொறுத்தேன். அப்புறம் வண்டியை எடுக்கிறீர்களா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

ஓட்டுநர் தலையை உள்ளே நீட்டினார். "இன்னா நைனா, இவ்ளோ சவுண்டு உடுற? ஆட்டோ பின்னாடி ஸ்பீக்கர் மாட்டலாம்னு இருந்தேன். நீ கீறியே, போதும்."

ஏழு பேரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். என்னை நீ என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனால் சென்னீர்குப்பத்தில் நான் இறங்கும்போது அதே ஆள், பின்னால் வந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி, "பாத்து எறங்கு நைனா, மெதுவா" என்றார். இந்த ஊரில் மரியாதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

பழைய வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாடகைக்கு வீடு தேடுகிறவன் போலப் பேச்சைத் தொடங்கி, முன்னால் இருந்தவர்கள் எப்படி என்று கேட்டேன்.

"அவுங்களா? தங்கமான ஃபேமிலி சார். நாலு வருசம் இருந்தாங்க, சொவுத்துல ஒரு ஆணி அடிக்கல."

"பையன் எப்படிங்க? குணம்?"

"அதான் சொல்றேனே. காலண்டர் மாட்டணும்னாக்கூட என்னாண்ட கேட்டுகினு, பழைய ஆணியிலதான் மாட்டுவாங்க."

குடிப்பானா, கோபப்படுவானா, சேர்க்கை எப்படி, எதைக் கேட்டாலும் மனிதர் ஆணியிலேயே நின்றார். கடைசியில் அவர் என்னை விசாரிக்க ஆரம்பித்தார். நீங்கள் எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் செலவாகும், டி.வி.யைச் சுவரில் மாட்டுவீர்களா, மேசையில் வைப்பீர்களா? மேசையில்தான் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்ததில் தெரிந்த உண்மை, பையன் ஆணி அடிக்கமாட்டான் என்பது மட்டும்தான். பெரிய மாமாவை இனிமேல் குறை சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டாபிராம் என்று எழுதியிருந்த ரயில் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டு ராஜா மாதிரி போனேன். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வண்டி நின்ற இடத்தில் மரங்களும் அமைதியும்தான் இருந்தன. மிலிட்டரி சைடிங் என்றது பலகை. பட்டாபிராமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டேஷன் உண்டாம், ஊர்க்காரர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்களாம். அங்கே நின்று நான் ரயில்வேயைப் பற்றிச் சொன்ன கருத்துகளைக் கேட்க ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. அதுவும் எழுந்து போய்விட்டது.

ஆட்டோ பிடித்து ஃப்ளாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நான்கு பிளாக், ஒவ்வொன்றும் ஐந்து மாடி. எதிர் டீக்கடையில் டீயைச் சொல்லிவிட்டு அரவிந்தைத் தெரியுமா என்று கேட்டேன். "ஃப்ளாட் ஆளுங்க டீக்கடைக்கு வரமாட்டாங்க சார்" என்றார். மளிகைக் கடையில், எல்லாரும் போனிலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் தன் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். காவலாளி, "பேரெல்லாம் தெரியாது, டோர் நம்பர் சொல்லு" என்றார். பி பிளாக் முந்நூற்று நான்கு என்றேன். "வெள்ளைக் கார்" என்றார். வேறு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடத்தில் நம்முடைய விசாரிக்கும் முறையே செல்லாமல் போயிருக்கிறது என்று எனக்குத் திக்கென்றது.

"ஆளப் பத்தி தெரியணும்னா சரசக்காவ கேளு" என்று காவலாளியே கையைக் காட்டினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. சரசக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கரிப்பெட்டியைச் சட்டையின் மேல் ஓட்டியபடியே என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "பொண்ணு ஊட்டுக்காரங்களா?" என்றார்.

அதிர்ந்துபோய், பெண்ணுக்குப் பெரியப்பா என்றேன்.

"வெயில்ல நிக்காதீங்கோ, இப்டி வாங்கோ. வாரத்துக்கு ஒருத்தர் வராங்க. போன வாரம் டி பிளாக்கு, மதுரக்காரங்க. எந்த நம்பரு உங்குளுது?"

"முந்நூத்தி நாலுங்க."

"நல்ல புள்ள. இன்னா தெரியணும், கேளுங்கோ."

குடி உண்டா என்றேன். சட்டையில் வாசம் வந்தால் தனக்குத் தெரியாதா என்றார். வேலைக்கு ஒழுங்காகப் போகிறானா என்றேன். வாரம் ஐந்து சட்டை, ஒன்று குறைந்ததில்லை என்றார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. என் மகள் கேட்டதைக் கேட்டேன். "கோபம் வருங்களா?"

சரசக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஒரு தபா அந்த தம்பி சட்டைய சுட்டுட்டேங்க. புது வெள்ள சட்ட. முதுகுல உள்ளங்கை சைசுக்கு ஓட்ட. மறுநா இன்னாவோ பெரிய மீட்டிங்காம், அத்துக்குன்னு எடுத்தது. வந்து பாத்தாரு. மூஞ்சி அப்டியே செவந்துபூடுச்சு. நானும் திட்டு வாங்கிக்கலாம்னு நிக்கிறேன். ஒரு வார்த்த பேசல. சட்டைய எடுத்துகினு விடுவிடுன்னு போய்ட்டாரு."

"அப்புறம்?"

"எனுக்கு அன்னிக்கு சோறு எறங்கல. திட்டிட்டா ஆறிபூடும், பேசாத போனா பேஜாரு. மறுநா சாயங்காலம் மீட்டிங்கு முடிஞ்சு வராரு, கையில துணி மூட்ட. 'அக்கா, நேத்து எனக்குச் செம கோவம். நின்னிருந்தா எதனா சொல்லியிருப்பேன், அதான் போய்ட்டேன். இந்தாங்க, அஞ்சு சட்ட. வெள்ளைய மட்டும் பாத்துப் பண்ணுங்க'ன்னாரு. எனுக்கு அழுகையே வந்துச்சு. வேற ஆளா இருந்தா வண்டியவே எடுக்கச் சொல்லியிருப்பாங்க."

இதைவிட என்ன வேண்டும்? நித்யாவுக்கு உடனே போன் போட வேண்டும் என்று கை பரபரத்தது. அப்போதுதான் சரசக்கா குரலைத் தணித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. அவுங்களும் உங்க ஊருக்கு ஆள் அனுப்சி விசாரிச்சாங்க. அந்த தம்பியோட அம்மா நேத்து எங்கிட்ட சொல்லிகினு இருந்துச்சு. பொண்ணு தங்கமாம். அப்பாருதான் கத்துவாராம். சின்ன விசயத்துக்கும் ஊரே கேக்குற மாரி கத்துவாராம். எங்க புள்ள சண்டன்னா எழுந்து போற புள்ள, அந்த ஆளோட எப்டி ஒத்துப்போவும்னு யோசிச்சுகினு கீது. வேணாம்னு சொல்லிடலாமான்னுகூட கேட்டுச்சு."

"எவன் சொன்னான் அப்படி?" என்றேன்.

சொன்னேன் என்றால், வேப்பமரத்துக் காக்கா பறந்தது. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டாவது மாடியில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சரசக்கா மட்டும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பான்னுதான சொன்னீங்கோ?" என்றார்.

ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சிமெண்டுத் திண்டில் போய் உட்கார்ந்தேன். என் பெண்ணுக்கு வந்த நல்ல இடம் என் வாயால் போகப்போகிறது. ஊரில் இதைச் சொன்னவன் யார் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே போட்டேன். பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரனா, மேல்வீட்டு வாத்தியாரா? ஊருக்குப் போய் இரண்டு பேரையும் ஒரு கை பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு நித்யாவைக் கூப்பிட்டேன்.

முதலில் சட்டைக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பேசாமப் போயிட்டாராப்பா?" என்றாள்.

"ஆமாங்கண்ணு."

"மறுபடியும் அந்த அக்காகிட்டயே துணி கொண்டாந்தாரா?"

"கொண்டாந்தானாம்."

அவள் சிரிப்பது கேட்டது. சந்தோஷமான சிரிப்பு. அது எனக்கு இன்னும் வலித்தது. மீதியையும் சொன்னேன். "கண்ணு, அவங்களும் நம்மூர்ல விசாரிச்சிருக்காங்க. பொண்ணு தங்கம், அப்பன் கத்துவான்னு எவனோ பத்த வெச்சிருக்கான். அது எவன்னு மட்டும் தெரியட்டும், அவனை..."

"நான்தாங்கப்பா."

எனக்குப் புரியவில்லை. நித்யா ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். பையனின் அத்தை போன மாதம் அங்கே கணக்குத் தொடங்குகிறவர் போல வந்து, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் அப்பா எப்படி என்று கேட்டாராம். வந்தவர் யாரென்று இவளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம்.

"எங்கப்பா கத்துவாருங்க, ஆனா மனசுல ஒன்னும் வெச்சுக்கமாட்டாருங்கன்னு சொன்னேன். அவங்க முதல் பாதிய மட்டும் கொண்டு போயிட்டாங்களாட்ட இருக்குது."

"ஏங்கண்ணு அப்படிச் சொன்ன? மறைச்சிருக்கலாமில்ல?"

"மறைச்சுக் கட்டி வெச்சா? நாளைக்கு நீங்க எங்க வீட்டுக்கு வருவீங்க. வந்து எதுக்காச்சும் கத்துவீங்க. அவங்க பயந்துபோயி, உங்கப்பா இனிமே இங்க வர வேண்டாம்னுட்டா நான் என்னங்கப்பா பண்றது? தெரிஞ்சு கட்டறவங்க அப்படிச் சொல்லமாட்டாங்க. நீங்க வராத வீடு எனக்கு எதுக்கு?"

முப்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் குரல் இல்லை. மோட்டார் சத்தம், கடைச் சத்தம் என்று எத்தனை சாக்கு சொல்லியிருக்கிறேன். வீட்டில் எந்த மோட்டார் ஓடியது? அங்கேயும் அதே குரலில்தான் பேசினேன், அதைக் கேட்டு வளர்ந்த பெண் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து என்னை அனுப்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கறேன் கண்ணு. வெச்சிடறேன்" என்றேன். நான் அவ்வளவு மெதுவாகப் பேசியதைக் கேட்டுப் பயந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

எழுந்து காவலாளியிடம் போனேன். நோட்டில் வந்தவர் யார் என்று எழுதச் சொன்னார். பெண்ணின் அப்பா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரசக்கா வண்டியில் இருந்தபடியே, "லிப்டு வேல செய்யல, படியில போங்கோ" என்றார். மூன்று மாடியும் ஏறும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நான்தான் கத்துகிற அப்பா. இனிமேல் குறைத்துக்கொள்கிறேன். என்னைப் பார்த்து என் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.

முந்நூற்று நான்கின் மணியை அழுத்தினேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்த அம்மாளுக்கு என் மனைவி வயது, கையில் தேங்காய்ச் சில்லு. நான் இரு கையையும் கூப்பி, என்னால் முடிந்த அளவு மெதுவாக, "உடுமலைப்பேட்டைங்க. நித்யாவோட அப்பாங்க" என்றேன்.

"யாருங்க? மிக்ஸியில ஒன்னும் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

பிறந்ததில் இருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு மூச்சு இழுத்துச் சொன்னேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். என் கண் சிவந்திருந்ததையும் பார்த்திருப்பார். பிறகு உள்ளே திரும்பி, ஓடுகிற மிக்ஸியைத் தாண்டி, "ஏனுங்க, உடுமலைப்பேட்டைச் சம்பந்தி வந்திருக்காருங்க, சட்டையப் போட்டுட்டு வாங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

என் குரலுக்கு அது ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.